முன்வரிசை யாருக்கு?

நமது ஊரின் பெயர் குடவாசல். பெயரிலேயே ஒரு வாசலை வைத்துக்கொண்டிருக்கிற ஊர். கும்பகோணத்திலிருந்து திருவாரூருக்குப் போகும் சாலையில், குடமுருட்டி ஆற்றை ஒட்டி, நாலு திசையும் நெல் வயல் சூழ இருக்கிறது. சுற்றுப்பக்கத்துக் கிராமங்களில் சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்துவிட்டால் கபடிப் போட்டிகள் ஆரம்பித்துவிடும். ராத்திரி விளக்குப் போட்டால் பொழுது விடிகிற வரையில் ஆட்டம் நடக்கும். பத்து மைல் தூரத்திலிருந்துகூட ஜனங்கள் வருவார்கள்.

இதைப்பற்றி நமக்குச் சந்தோஷமே ஒழிய யாதொரு ஆட்சேபணையும் இல்லை. கூட்டத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும்போது ஒருவனும் பக்கத்தில் நிற்பவனுடைய குலத்தையோ கோத்திரத்தையோ விசாரிப்பதில்லை. தன் ஊர்ப் பையன் எதிரியைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பினால் நிலக்காரரும் கூலிக்காரரும் ஒரே வாயாகக் கத்துகிறார்கள். எல்லோரும் ஒன்றாக நிற்கும் இப்படிப்பட்ட இடம் நம் நாட்டில் எத்தனை இருக்கிறது?

ஆனால், இந்த 'எல்லோரும்' என்கிற வார்த்தைக்குள் யார் யார் சேர்ந்தவர்கள், யார் யார் சேராதவர்கள் என்பதைப்பற்றித்தான் இவ்வாரம் எழுத வேண்டியிருக்கிறது.

சென்ற கோடையில் ஒரு கிராமத்தில் நடந்த போட்டிக்கு நமது நண்பர் ஒருவருடன் போயிருந்தோம். நண்பருக்குச் சிறு பிராயத்தில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் சூம்பிப்போய்விட்டன. பின்பக்கம் இரண்டு சக்கரம் கூட்டிய ஸ்கூட்டரில் போய் வருகிறவர். கபடியைப்பற்றி அவருக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரிந்தவர்களில் ஒருவருக்கும் தெரியாது. எந்த ஊர்க் குழுவில் யார் மூலையில் நின்று கணுக்காலைப் பிடிப்பான், பாடிப் போகிறவர்களில் எவன் கடைசி நிமிஷத்தில் பதறுவான் என்பதையெல்லாம் கணக்கப்பிள்ளை பேரேடு வாசிப்பதுபோல் சொல்லுவார்.

போட்டி நடந்த வயல் சாலையைவிட இரண்டடி பள்ளம். சாலைக்கும் வயலுக்கும் நடுவே ஒரு வாய்க்கால். அதன்மேல் இரண்டு தென்னை மரத்தைப் போட்டு வழி செய்திருந்தார்கள். நாம் தாண்டிக் குதித்துப் போய்விட்டோம். நண்பர் வண்டியோடு சாலையிலேயே நின்றுவிட்டார்.

வாசலில் நின்ற பையன்கள் கெட்டவர்கள் அல்ல. மரியாதையாகத்தான் சொன்னார்கள். "அண்ணே, வண்டி உள்ளே எறங்காதுண்ணே. இப்படி ஓரமாப் போட்டுக்குங்க, இங்கேருந்தே தெரியும்" என்றார்கள். அங்கிருந்து என்ன தெரிந்தது? சவுக்குக் கழி கட்டிய கேலரியின் முதுகு தெரிந்தது. அதன்மேல் நின்ற ஜனங்களின் முதுகு தெரிந்தது. ஆட்டம் தெரியவில்லை. கூட்டம் கத்தும்போதெல்லாம் நண்பர் "என்ன ஆச்சு? பிடிச்சுட்டானா?" என்று கேட்பார். நாம் உள்ளே ஓடிப் பார்த்து வந்து சொல்லுவோம். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த சத்தம் வந்துவிடும். நடுநிசிக்கு மேல் இரண்டு வாலிபர்கள் மனமிரங்கி வந்து, "அண்ணே, நாங்க தூக்கிக்கிட்டுப் போறோம்" என்றார்கள். நண்பர் வேண்டாம் என்றுவிட்டார். திரும்பி வரும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "எனக்குக் காலிலேதானே குறை, கண்ணிலே இல்லையே. நான் ஆடவா வந்தேன், பார்க்கத்தானே வந்தேன்?"

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி இன்னொன்று உண்டு. ஆடுகளத்துக்கு நேர் எதிரில், முன்வரிசையில், ஜமுக்காளம் விரித்து நாலு சோபாக்கள் போட்டிருந்தார்கள். பிரமுகர்களுக்காம். பிரமுகர்கள் வந்தார்கள், துண்டு போர்த்திக்கொண்டார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள், அரைமணி நேரத்தில் காரேறிப் போய்விட்டார்கள். மீதி ராத்திரி முழுவதும் அந்த நாலு சோபாக்களும் காலியாகக் கிடந்து கபடி பார்த்தன. காலியான சோபாவுக்கு முன்வரிசையில் இடம் இருந்தது. ஆட்டம் தெரிந்த மனிதனுக்குச் சாலையோரத்தில்தான் இடம் இருந்தது.

இதைக் குற்றப்பத்திரிகையாக நாம் எழுதவில்லை. அந்த ஊர்க்காரர்கள் செய்ததைத்தான் எல்லா ஊர்க்காரர்களும் செய்கிறார்கள். நாமும் நேற்றுவரையில் அதைக் கண்டு ஒன்றும் தோன்றாமல் இருந்தவர்கள்தான். ஆகவே இது நம் எல்லோருக்குமான கேள்வி.

பெயர் மாறியது, வாசல் மாறவில்லை

முன்காலத்தில் இவர்களை நொண்டி, குருடு, செவிடு என்று ஊனத்தையே பெயராக வைத்துக் கூப்பிட்டோம். பிறகு ஊனமுற்றோர் என்றோம். இப்போது மாற்றுத்திறனாளி என்கிறோம். சர்க்கார் தன் இலாகாவுக்கே அந்தப் பெயரைச் சூட்டியிருக்கிறது. பெயர் மாறினது நல்ல காரியமே. ஒருவனை இழிவான பெயரால் கூப்பிடுகிறவரையில் அவனுக்கு மரியாதை வராது என்பதை நம்மைப்போல் அனுபவித்தவர்கள் வேறு யார்? ஆனால் பெயர்ப் பலகையை மாற்றிவிட்டு வாசற்படியை அப்படியே வைத்திருந்தால், அந்த மரியாதை பலகையோடு நின்றுவிடுகிறது. மாற்றுத்திறனாளி என்று வாய் நிறையச் சொல்லிவிட்டு, "இப்படி ஓரமா நில்லுங்க" என்பதில் என்ன மரியாதை இருக்கிறது?

வைக்கத்தில் 1924-25-இல் நடந்த போராட்டம் எதற்காக? கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்காக. பொதுவழியில் ஒரு மனிதன் நடக்கக்கூடாது என்று பிறப்பைக் காட்டித் தடுத்தார்கள். அதுவும் இதுவும் ஒன்றென்று நாம் சொல்ல வரவில்லை. அது வேண்டுமென்றே செய்த கொடுமை. இது நினைவில்லாமல் செய்யும் பிழை. ஆனாலும் வெளியில் நிறுத்தப்பட்டவனுக்கு, தன்னை நிறுத்தியது பகையா மறதியா என்று தெரிந்து ஆகப்போவது என்ன? உள்ளே இருப்பவன் உள்ளேதான் இருக்கிறான். வெளியே நிற்பவன் வெளியேதான் நிற்கிறான்.

விதியா, கிருமியா?

இந்த மறதிக்கு அடியில் ஒரு பழைய எண்ணம் படுத்துக்கிடக்கிறது. "போன ஜென்மத்துப் பாவம், இந்த ஜென்மத்தில் அனுபவிக்கிறான்" என்பதுதான் அது. வாயால் சொல்லாதவர்கள்கூட மனத்துக்குள் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். பாவத்தின் பலன் என்று ஒத்துக்கொண்டுவிட்டால் பிறகு நாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை அல்லவா? கடவுள் கொடுத்த தண்டனைக்கு நாம் ஏன் சரிவு கட்ட வேண்டும்?

இதைக் கொஞ்சம் கணக்குப்போட்டுப் பார்ப்போம். இளம்பிள்ளை வாதம் என்பது ஒரு கிருமியால், பெரும்பாலும் அசுத்தமான தண்ணீர் மூலமும் கைகள் மூலமும் வருவது. 1995-ஆம் வருஷம் முதல் நாடு முழுவதும் நாள் குறித்துக் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். இயற்கையாய்த் திரியும் அந்தக் கிருமியால் இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தை பாதிக்கப்பட்டது 2011 ஜனவரி 13-ந் தேதி, மேற்கு வங்காளத்தில் ஹவுரா ஜில்லாவில். 2014 மார்ச்சு 27-ந் தேதி நம் நாடு அந்நோயற்றது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சான்று கொடுத்துவிட்டது.

நமது கேள்வி இதுதான். போன ஜென்மத்துப் பாவந்தான் காலைச் சூம்பவைத்தது என்றால், 2011-க்குப் பிறகு இந்த நாட்டில் பிறந்த கோடிக்கணக்கான குழந்தைகளில் ஒன்றுகூடப் போன ஜென்மத்தில் அந்தப் பாவத்தைச் செய்யவில்லையா? இரண்டு சொட்டு மருந்து பிரமன் எழுதிய எழுத்தை அழித்துவிட்டதா? அழித்துவிட்டது என்றால் எழுதினவனைவிட மருந்து பெரிதல்லவா? மருந்து கொடுக்கத் தவறிய காலத்தில் பிறந்தவர்தான் நமது நண்பர். குறை அவருடைய பூர்வஜென்மத்தில் இல்லை. அன்றைய ஊருக்கு மருந்து போய்ச் சேராததில் இருந்தது. அப்படியிருக்க, ஊர் ஒரு தரம் அவருக்குச் செய்யத் தவறினதையே காரணமாக வைத்து, ஊர் மறுபடியும் அவரை வாசலில் நிறுத்துவது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

பூர்வஜென்மக் கதை நம் ஊருக்குப் புதிதல்ல. இங்குள்ள கோணேசுவரர் கோவில், கோச்செங்கட்சோழன் கட்டினதாகச் சொல்லப்படும் மாடக்கோவில்களில் ஒன்று. அவன் போன ஜென்மத்தில் சிலந்தியாய் இருந்தானாம், யானையோடு பகையாம், ஆதலால் யானை ஏற முடியாதபடி கோவில்களை உயரத்தில் வைத்துக் கட்டினானாம். கதை எப்படியோ போகட்டும். யானை வந்து படியேறப் பார்த்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. உயரமான படி எங்கே இருந்தாலும் கீழே நிற்கிறவர்கள் முழங்கால் மடங்காத கிழவியும், சக்கர நாற்காலிக்காரரும், கைக்குழந்தையைத் தூக்கின தாயாருந்தான். படி கட்டுகிறவன் யாரை நினைத்துக் கட்டினாலும் தடுக்கப்படுகிறவன் ஏற முடியாதவன்தான். இது கோவிலுக்கும் பொருந்தும், கேலரிக்கும் பொருந்தும்.

ஆடினவனுக்கு மாலை, பார்க்க வந்தவனுக்கு?

சேலம் ஜில்லா பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பஸ் ஏறி வலது காலில் ஊனப்பட்டவர். 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். டோக்கியோவில் நடந்த அடுத்த பந்தயத்தில் வெள்ளி, 2024-இல் பாரிசில் வெண்கலம். அதே பாரிசில் துளசிமதி முருகேசன் இறகுப்பந்தில் வெள்ளியும், மனீஷா ராமதாசும் நித்யஸ்ரீ சிவனும் வெண்கலமும் வாங்கினார்கள். நம் நாடெங்கும் மாலை போட்டார்கள், மேளம் கொட்டினார்கள். கொட்ட வேண்டியதுதான்.

ஆனால் இதில் ஒரு தந்திரம் மறைந்திருக்கிறது. ஊனமுற்றவன் உலகத்தையே ஜெயித்துவந்தால் நமக்குப் பிரியம். ஜெயிக்காமல், நம்மைப்போலவே வேர்க்கடலைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டம் பார்க்க வந்தால் இடமில்லை. நம்மில் கால் சரியாயிருப்பவர்கள் எல்லோரும் மெடல் வாங்கிவிட்டா கேலரியில் உட்காருகிறோம்? வெறுமனே வேடிக்கை பார்க்கிற உரிமை நமக்கு இருக்கிறதே, அதே உரிமைதான் அவருக்கும் வேண்டும். சாதனை செய்து காட்டினால்தான் மனிதன் என்று மதிப்போம் என்பது பாதி மனிதத்தனம்.

சொல்லப்படும் ஆட்சேபணைகள்

இதைப்பற்றிப் போட்டி நடத்துகிறவர்கள் சிலரிடம் பேசியபோது மூன்று ஆட்சேபணைகள் சொன்னார்கள்.

முதலாவது, "அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் வருகிறார்கள்?" என்பது. 2011-ஆம் வருஷத்து ஜனக் கணக்குப்படி தமிழ்நாட்டில் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம் பேரும், இந்தியா முழுவதும் 2 கோடியே 68 லட்சம் பேரும் ஊனமுற்றவர்கள். அவர்கள் ஏன் வரவில்லை? கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு, "உள்ளே ஒருவரும் வரவில்லை பாருங்கள்" என்பதுபோல் இருக்கிறது இந்தப் பேச்சு. அன்றியும், சர்க்கரை வியாதியில் கால் எடுக்கப்பட்டவர், கதிரடிக்கும் இயந்திரத்தில் கை போனவர், இளமையில் இதே கபடி ஆடி முழங்கால் ஜவ்வு கிழிந்தவர், எழுபது வயது தாண்டினவர், இவர்களெல்லாம் எந்தக் கணக்கில் சேர்ந்தவர்கள்? இன்று கேலரிமேல் ஏறிக் குதிக்கிறவன் நாளைக்கும் ஏறிக் குதிப்பான் என்று யார் எழுதிக்கொடுத்தார்கள்?

இரண்டாவது, "வீட்டில் டெலிவிஷன் இருக்கிறதே, அதில் பார்க்கலாமே" என்பது. நல்ல யோசனைதான். அப்படியானால் நீங்கள் ஏன் வீட்டில் உட்கார்ந்து பார்க்காமல் கொசுக்கடியில் விடியவிடிய நிற்கிறீர்கள்? கூட்டத்தோடு கூட்டமாய்க் கத்துவதில் இருக்கிற சந்தோஷத்துக்காகத்தானே? அந்தச் சந்தோஷம் கால் உள்ளவனுக்குத்தான் சொந்தமா? அன்றியும் நம் கிராமத்து ஆட்டத்தை எந்த டெலிவிஷன் காட்டுகிறது?

மூன்றாவது, பணம். இதைக் கேட்டால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆளுயரப் பானருக்குப் பணம் இருக்கிறது; வாண வேடிக்கைக்குப் பணம் இருக்கிறது; சோபா வாடகைக்குப் பணம் இருக்கிறது. வாய்க்கால் மேல் நாலு பலகை போட மட்டும் பணமில்லை! நெல் அறுக்கும் இயந்திரம் வயலில் இறங்க வேண்டுமென்றால் வரப்பை வெட்டி, மண்ணைக் கொட்டி, மிதித்து, ஒரு மணி நேரத்தில் சரிவு போட்டுவிடுகிறோமா இல்லையா? இயந்திரத்துக்குச் சரிவு போடத் தெரிந்த கைக்கு மனிதனுக்குப் போடத் தெரியாதா?

பணம் இருந்தால் மனமும் வந்துவிடும் என்பதும் பொய். உலகத்திலேயே பணக்காரக் கால்பந்துக் கழகங்களைக் கொண்டது இங்கிலாந்தின் பிரீமியர் லீக். ஊனமுற்ற ரசிகர்களுக்கு வேண்டிய இடவசதியை 2017 ஆகஸ்டுக்குள் செய்து முடிப்பதாக அக்கழகங்கள் எல்லாம் சேர்ந்து 2015-இல் வாக்குக் கொடுத்தன. கெடு வந்தபோது சில கழகங்கள் சொன்னபடி செய்திருக்கவில்லை. ஒரு ஆட்டக்காரனுக்குக் கோடிக்கணக்கில் கொடுக்கிறவர்களிடம் பணமா இல்லாமல் போயிற்று?

சட்டம் என்ன சொல்லுகிறது?

இது இரக்கப்பட்டுச் செய்கிற தர்மம் அல்ல. ஐக்கிய நாடுகள் சபை 2006-இல் நிறைவேற்றி, இந்தியா 2007-இல் ஒத்துக்கொண்ட ஊனமுற்றோர் உரிமை உடன்படிக்கையின் 30-வது பிரிவு, விளையாட்டு நடக்கும் இடங்களுக்கு இவர்கள் போய்வர வழி செய்வது சர்க்காரின் கடமை என்கிறது. நம் நாட்டின் 2016-ஆம் வருஷத்துச் சட்டம் 21 வகை ஊனங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது. பொதுஜனங்கள் வந்துபோகிற கட்டடம் சர்க்காருடையதானாலும் தனியாருடையதானாலும், மதகாரியத்துக்கானாலும் பொழுதுபோக்குக்கானாலும், அது பொதுக் கட்டடமே என்கிறது. பழைய கட்டடங்களைச் சரிசெய்ய விதிகள் வந்த நாளிலிருந்து ஐந்து வருஷக் கெடு கொடுத்தது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022 ஜூனோடு முடிந்துவிட்டது.

2024 நவம்பர் 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, பார்வைக் குறைவுடைய ரஜீவ் ரத்தூரி என்பவர் தொடுத்த வழக்கில், இவ்விஷயத்தில் 'செய்தால் நல்லது' என்கிற மாதிரி விதிகள் எழுதினால் போதாது, 'செய்தே தீரவேண்டும்' என்று எழுத வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லி, மத்திய சர்க்காருக்கு மூன்று மாதத் தவணையும் கொடுத்தது.

வயலில் கட்டின கொட்டகை கட்டடம் ஆகுமா ஆகாதா என்று வக்கீல்கள் வாதாடிக்கொள்ளட்டும். நமக்கு அந்த வழக்கு வேண்டியதில்லை. கோர்ட்டு சொல்லித்தானா நாம் ஒரு மனிதனை உள்ளே விட வேண்டும்?

என்ன செய்ய வேண்டும்?

நாம் சொல்லப்போவது ஒன்றும் பிரமாதமான காரியம் அல்ல.

ஒன்று, வழி. நாற்காலியும் வண்டியும் போக மூன்றடிக்குக் குறையாத அகலம் வேண்டும். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற கணக்கில் சரிவு வேண்டும். நாம் பார்த்த இரண்டடிப் பள்ளத்துக்கு இருபத்து நாலடி மண் சரிவு போதும். வாய்க்காலின்மேல் நாலு பலகையை நெருக்கிப் போட்டு ஆணி அடித்தால் போதும். தூக்கிக்கொண்டு போகிறோம் என்பது வழியாகாது. வயது வந்த மனிதனை நெல் மூட்டையைப்போல் நாலுபேர் எதிரில் தூக்குவது உபகாரமல்ல, அவமானம்.

இரண்டு, இடம். கபடியில் பாடிப் போகிறவனுக்கு 30 வினாடிதான். அவன் கோட்டைத் தாண்டித் தாவும்போது எல்லோரும் எழுந்து நின்றுவிடுகிறார்கள். அந்த நிமிஷத்துக்காகத்தான் ராத்திரி முழுவதும் கண்விழிக்கிறோம். உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த நிமிஷந்தான் மறைந்துபோகிறது. அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டனில் புதிதாக விளையாட்டரங்கம் கட்டினபோது, பக்கவாதப்பட்ட முன்னாள் சிப்பாய்களின் சங்கம் இதே காரணத்துக்காகக் கோர்ட்டுக்குப் போயிற்று. முன்னாலிருப்பவர்கள் எழுந்து நின்றாலும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு ஆட்டம் தெரியும்படி இடங்களை அமைக்க வேண்டும் என்று 1997-இல் அப்பீல் கோர்ட்டு சொல்லிற்று. நமக்கு மேடைகூட வேண்டாம். ஆட்டக்காரர் வந்து விழுகிற இடத்தை விட்டுவிட்டு, அதற்கடுத்த முன்வரிசையைக் கயிறு கட்டி ஒதுக்கினால் ஆயிற்று. முன்னால் ஒருவரும் நிற்கக்கூடாது, அவ்வளவுதான்.

ஆனால் ஜாக்கிரதை. தனிக் கொட்டடியாகக் கட்டி அதில் இவர்களை மட்டும் அடைக்கக்கூடாது. தனிப் பந்தி போட்டுச் சோறுபோட்ட மரியாதை எப்படிப்பட்டது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூடவந்த மனைவிக்கும் பிள்ளைக்கும் சிநேகிதனுக்கும் அவர் பக்கத்திலேயே இடம் வேண்டும். பந்தயம் பார்ப்பதில் பாதி, பக்கத்தில் இருப்பவனோடு சண்டை போடுவதுதானே?

மூன்று, காது. பார்வையில்லாதவர் ஆட்டத்துக்கு வந்து என்ன செய்வார் என்று கேட்கிறவர்கள் உண்டு. டெலிவிஷன் பரவாத காலத்தில் கிரிக்கெட்டை நாம் எல்லோரும் கண்ணாலா பார்த்தோம்? சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் முதலானவர்கள் வானொலியில் தமிழில் சொல்லச் சொல்ல, பந்து போன திசையைக் காதாலேயே பார்த்தோம். 2014-இல் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்தில், மைதானத்துக்கு வந்த பார்வையற்றவர்களுக்கு ஆட்டத்தை விவரித்துச் சொல்லும் ஏற்பாடு இருந்தது. நம் ஊரிலும் மைக்கும் ஆளும் இருக்கிறார்கள். ஆனால் மைக்காரர், ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது, இன்னார் நூற்றொரு ரூபாய் அன்பளிப்பு, இன்னார் இருநூற்றொரு ரூபாய் அன்பளிப்பு என்று பட்டியல் வாசிக்கிறார். அதை இடைவேளையில் வாசிக்கட்டும்; ஆட்டம் நடக்கும்போது ஆட்டத்தைச் சொல்லட்டும். யார் பாடிப் போகிறான், எந்த மூலை, எந்தக் காலைப் பிடித்தார்கள் என்று சொன்னால் போதும். காது கேளாதவர்களுக்குப் புள்ளியையும் அறிவிப்பையும் ஒரு கரும்பலகையில் பெரிதாக எழுதி வைக்கட்டும். இவை இரண்டுக்கும் காலணாச் செலவு கிடையாது. கடைசி வரிசையில் நிற்கிறவனுக்கும் உபயோகம்.

நான்கு, சத்தம். சில குழந்தைகளுக்குத் திடீர்ச் சத்தமும் கண்ணைப் பறிக்கும் வெளிச்சமும் தாங்காது. அது அடம் அல்ல, மூளையின் அமைப்பு. இங்கிலாந்தில் சண்டர்லாந்து நகரத்துக் கால்பந்து மைதானத்தில் 2015-இல் இப்படிப்பட்ட குழந்தைகளுக்காகச் சத்தம் அடங்கிய அறை ஒன்று கட்டி, அங்கிருந்து கண்ணாடி வழியாக ஆட்டம் பார்க்க வைத்தார்கள். நாம் அறை கட்ட வேண்டாம். ஒரு பக்கத்திலாவது ஒலிபெருக்கி கட்டாமல் விட்டு, வெடியையும் நிறுத்தினால் போதும்.

ஐந்து, பெண்கள். நடக்க முடிகிற பெண்களே இரவு ஆட்டத்துக்கு வருவது அபூர்வம் என்றால், நடக்க முடியாத பெண்ணின் நிலையை நினைத்துப்பாருங்கள். ஒதுங்க இடமில்லாத இடத்துக்கு எந்தப் பெண் வருவாள்? பூட்டும் தண்ணீரும் உள்ள, படியில்லாத, நாற்காலி நுழையும்படியான ஒரு கழிப்பிடம் வைக்காத போட்டி, பாதி ஜனங்களை வரவேண்டாம் என்று சொல்லுகிற போட்டிதான்.

செய்தால் மட்டும் போதாது, காப்பாற்றவும் வேண்டும். சென்னை மெரினாவில் சக்கர நாற்காலியில் கடலருகே போக 2022 நவம்பர் கடைசியில் மரப்பாதை ஒன்று திறந்தார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்திற்று. போகட்டும் என்று விட்டுவிடாமல் பழுது பார்த்தார்கள். அந்த மனம்தான் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, போட்டிக்கு நாள் குறிக்கிற கூட்டத்திலேயே இவர்களில் ஒருவரையாவது உட்காரவைக்க வேண்டும். எங்கே படி இடிக்கிறது என்று இடிபட்டவனுக்குத்தானே தெரியும்? பேரூராட்சிகளிலும் கிராம ஊராட்சிகளிலும் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக அமர்த்துவதற்குத் தமிழ்நாடு சட்டசபை 2025-இல் சட்டம் செய்திருக்கிறது. ஊராட்சி மன்றத்தில் உட்காரத் தகுதி உள்ளவர் கபடிக் கமிட்டியில் உட்காரத் தகுதியற்றவரா? இனிப் போட்டிக்குப் பொது இடம் கேட்டு வருகிறவர்களிடம், "வழி எங்கே, இடம் எங்கே?" என்ற இரண்டு கேள்விகளை அந்த உறுப்பினர்கள் கேட்கட்டும்.

தோழர்களே! இவ்வளவு நீளமாக எழுதினதன் சாரம் ஒன்றுதான். முன்வரிசை என்பது பெரிய மனிதர்களுக்காக ஏற்பட்டதல்ல. எங்கே நின்றாலும் ஆட்டம் தெரிகிறவனுக்கு முன்வரிசை எதற்கு? வேறெங்கிருந்தும் பார்க்க முடியாதவனுக்குத்தான் முன்வரிசை சொந்தம். சோபாக்காரர்கள் கால் உள்ளவர்கள், கேலரியில் ஏறிக்கொள்ளட்டும்.

அடுத்த அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் மறுபடியும் விளக்குப் போடுவார்கள். நமது நண்பரும் வண்டியை எடுத்துக்கொண்டு வருவார். அப்போது அவர் கூட்டத்தின் முதுகைப் பார்ப்பாரா, ஆட்டத்தைப் பார்ப்பாரா என்பது அவருடைய தலையெழுத்தில் இல்லை. நாம் கொட்டப்போகும் பத்துக்கூடை மண்ணில் இருக்கிறது.